எட்டு மூட்டை மணல்

பதினேழு வருடம் நான் பார்த்த வேலைக்குச் சரியான பெயர் எனக்கே தெரியாது. விசிட்டிங் கார்டில் 'நிர்வாகச் செயலாளர்' என்று அச்சடித்திருந்தோம். நிர்வகிக்க அந்த அலுவலகத்தில் என்னைத் தவிர ஆளில்லை. நானோ எந்த நிர்வாகத்துக்கும் அடங்காதவன் என்று என் மனைவி பல காலமாகச் சொல்லி வருகிறாள். பெங்களூர் தொம்மலூரில் ஒரு வீட்டின் கார் ஷெட்தான் அலுவலகம். கார் கிடையாது. ஒரு மேஜை, ஒரு பீரோ, வலைப்பையில் கால்பந்துகள், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் மிச்சமான ஹெல்மெட்டுகள். மழைக்காலத்தில் அந்த ஹெல்மெட்டுகளுக்குள் பூஞ்சை பிடிக்கும். அதைத் துடைப்பதும் நிர்வாகத்தில் சேரும்.

போன மாதம் ஓய்வு பெற்றேன். என் நாற்காலிக்கு வந்திருக்கும் நிவேதிதா முன்பு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவர். நல்ல பெண். என் பதினேழு வருடத்தையும் ஒரே வாரத்தில் ஒரு செல்போன் ஆப்புக்குள் போட்டுவிட்டார். மைதானத்துக்குப் போய்த் திறந்தால் வரிசையாகக் கேள்விகள் வரும். 'கோல்போஸ்ட் உறுதியாக உள்ளதா?' என்பது நாலாவது. 'ஆம்' என்ற கட்டத்தில் பச்சை டிக் முன்கூட்டியே விழுந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் ஆம்னுதானே சார் போடுவாங்க, டைம் மிச்சம்" என்றார். பிறகு, "உங்க லேர்னிங்ஸை ஒரு பக்கம் எழுதிக் குடுங்க சார், இங்கிலீஷ்ல இருந்தாலும் பரவாயில்லை" என்றார். இங்கிலீஷில் எழுதினால் நான் செய்த காரியம் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பக்கம் ஒன்றைத் தாண்டுவதற்கு அந்தப் பச்சை டிக்தான் பொறுப்பு.

நான் இந்த வேலைக்கு வந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. பீன்யாவில் நான் குமாஸ்தாவாக இருந்த பம்ப்செட் கம்பெனி மூடிவிட்டது. மல்லேஸ்வரத்தில் வீட்டுக்காரர் வாடகையை நினைவுபடுத்தும் விதத்தில் ஒரு இசை நயம் கூடிக்கொண்டே போனது. 'நன்றாகத் தமிழ், கன்னடம், ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் தேவை' என்று ஒரு சர்ச் நோட்டீஸ் போர்டில் இருப்பதாக நண்பர் சொல்ல, போய்ப் பார்த்தேன். என்னை நேர்காணல் செய்தவர் அருளப்பன். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். என் சான்றிதழ்களை அவர் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்த நாற்காலியைப் பார்த்தார். "ஒரு கால் ஆடுதே, தெரியலையா?" என்றார். தெரிந்தது, சொல்லக் கூச்சமாக இருந்தது என்றேன். "இனிமே சொல்லுங்க" என்று சொல்லி, மறுநாள் வரச் சொன்னார். பயிற்சிக் காலம் என்று ஏதாவது இருந்தால் அது இவ்வளவுதான்.

அறக்கட்டளையின் முழுப்பெயர் எட்வின் நினைவு இளைஞர் விளையாட்டு மற்றும் பாதுகாப்பு விழிப்புணர்வு அறக்கட்டளை. எந்த பேனரிலும் ஒரே வரியில் அடங்கியதில்லை. எட்வின் அருளப்பனுடைய ஒரே மகன். கல்லூரி மைதானத்தில் பயிற்சிக்கு முன்னால் கோலுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் குழாயில் செய்த, தூக்கி நகர்த்தக்கூடிய கோல்போஸ்ட். அதைத் தரையோடு எதுவும் பிடித்திருக்கவில்லை. முன்பக்கம் சாய்ந்து அவன் மேல் விழுந்தது. அவனுக்குப் பத்தொன்பது வயது.

முப்பது வருடம் இயந்திரங்களோடு இருந்த மனிதருக்கு, ஒரு குழாய் ஏன் விழுகிறது என்பது துக்கத்துக்கு நடுவிலும் தெரிந்திருந்தது. முன்னால் கனம், பின்னால் ஒன்றுமில்லை. அதனால் அறக்கட்டளை ஆரம்பித்ததும் அவர் வகுத்த முதல் விதி: நாம் நடத்தும் எந்த ஆட்டத்திலும் ஒவ்வொரு கோலின் பின்பக்கச் சட்டத்திலும் எட்டு மூட்டை மணல் இருக்க வேண்டும். கார்ப்பரேஷன் மைதானங்களில் குழி தோண்டி நிரந்தரமாகக் கம்பம் நட விடமாட்டார்கள், மறுநாள் அங்கே கிரிக்கெட் நடக்கும். ஆகவே மணல் மூட்டை. இரண்டாவது விதி, சம்பவப் பதிவேடு. மைதானத்தில் எது நடந்தாலும், நடக்க இருந்து தப்பினாலும், எழுத வேண்டும். மூன்றாவது விதியை அவர் யாருக்கும் சொல்லவில்லை, தானே செய்தார். ஆட்டம் தொடங்குமுன் கோலுக்குப் போவார். முதலில் ஒரு கையால் கம்பத்தை ஆட்டுவார். பிறகு இரு கையாலும். பிறகு மூட்டைகளைக் காலால் தொட்டு எண்ணுவார். கடைசியாக ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல்சட்டத்தைப் பிடித்து, ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ஐந்து எண்ணும்வரை தொங்குவார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஸ்டீல் டேப்பும் குலுங்கும். இறங்கி "ம்" என்பார். அந்த 'ம்' வந்த பிறகுதான் ரெஃபரி விசிலைத் தொடலாம்.

அருமையான ஏற்பாடு. விழிப்புணர்வுக்குத்தான் இது சரிப்பட்டு வரவில்லை.

எங்களுக்கு நன்கொடை தரும் கம்பெனிகளுக்குக் கோல்போஸ்ட் பிடிக்காது. ஹெல்மெட் பிடிக்கும். நூறு பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கட்டைவிரலை உயர்த்தினால் அது ஒரு புகைப்படம். ஒரு கிழவர் கோலில் தொங்கினால் அது புகார். எனவே நாங்கள் ஹெல்மெட் வழங்கினோம், உறுதிமொழி எடுத்தோம். 'நான் எப்போதும் பாதுகாப்பாக இருப்பேன்' என்று வலது கையை நீட்டி மூன்று மொழியில் சொல்லச் சொல்வேன். சொல்லிவிட்டுப் பிள்ளைகள் மைதானத்து மதில் மேல் ஏறிக் குதித்து வீட்டுக்குப் போகும்.

சிறப்பு விருந்தினர்கள் வேறு. எட்வின் எப்படி இறந்தான் என்பதை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கொடுப்பேன். ஒருவர்கூடப் படித்ததில்லை. பெயரில் 'பாதுகாப்பு' இருந்ததால் அவரவர் இலாகாவுக்கு ஏற்ற மரணத்தை அவனுக்குக் கொடுத்தார்கள். போக்குவரத்து அதிகாரி அவனை வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் அனுப்பினார். ஏரிப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவனை நீச்சல் தெரியாமல் மூழ்கடித்தார். ஒரு பள்ளித் தாளாளர், பையன் செல்போன் பார்த்துக்கொண்டே ரோடு கடந்ததாகக் கண் கலங்கினார். அருளப்பன் மேடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை நான் திருத்தப் பார்த்தேன். அவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "விடுங்க மூர்த்தி. பையனுக்கு உலகமெல்லாம் சுத்திப் பார்க்கக் கிடைக்குது" என்றார். அது நகைச்சுவையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

பதிவேடு? அதில் வருடா வருடம் ஒரே வாசகம். 'சம்பவம் எதுவும் இல்லை.' என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணுக்கால் சுளுக்கியது, தண்ணீர்க் கேன் வைத்த மேஜை சரிந்தது, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் சாக்கடைப் பலகை உடைந்திருந்தது, எதையும் நான் எழுதவில்லை. எழுதினால் யாராவது கேட்பார்கள். அருளப்பன் நோட்டைப் புரட்டிவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையா?" என்பார். "உங்க ஏற்பாடு அப்படி சார்" என்பேன். பொய்யை மரியாதையாகச் சொல்வதில் எனக்கு அனுபவம் உண்டு. பம்ப்செட் கம்பெனியில் பதினோரு வருடம் 'சரக்கு நாளை வந்துவிடும்' என்று கடிதம் எழுதியவன்.

இனி நான் செய்த சீர்திருத்தம். ஒரு போட்டியின் போது சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்துவிட்டார். பெங்களூரில் அது யாரும் எதிர்பார்க்காத விபத்து. அவர் காரிலிருந்து இறங்கியபோது எங்கள் தலைவர் அருளப்பன் மேல்சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அறங்காவலர்களில் ஒருவரான பல் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். தலைவரின் வயது, கௌரவம், அறக்கட்டளையின் இமேஜ் என்று மூன்று பற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கதான் ஏதாவது சிஸ்டம் கொண்டு வரணும்" என்றார்.

கொண்டு வந்தேன். ஒரு பக்கப் படிவம். 'கோல்போஸ்ட் சரிபார்ப்புச் சான்று.' இடது கோல், வலது கோல், மூட்டை எண்ணிக்கை, நேரம், நிர்வாகச் செயலாளர் கையொப்பம், முத்திரை. காலையில் நானே போய் எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன், தலைவர் தொங்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். அருளப்பன் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மடித்து ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு. இதுல எந்தப் பக்கத்தைப் பிடிச்சுத் தொங்கணும்?" என்று மட்டும் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவருக்கும் முழங்கால் வலி ஆரம்பித்திருந்தது. அந்த வருடத்திலிருந்து அவர் மேடையில் உட்கார்ந்தார்.

படிவம் வந்த மூன்றாவது வருடம், பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்கள் இறுதி ஆட்டம். ஆடி மாதக் காற்று. ஸ்ரீராம்புரம் பக்கத்து மைதானம். சுற்றிலும் மாடி வீடுகள், மாடி முழுக்கச் சனம். ஸ்ரீராம்புரத்துப் பிள்ளைகள் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் கோல்கீப்பர் சங்கீதா. பதினாலு வயது, ஒல்லிக்குச்சி. அவள் அம்மா லட்சுமி கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி. விடியற்காலையில் தெருக் கூட்டிவிட்டு, பச்சைக் கோட்டைக் கழற்றாமலே மகள் ஆட்டம் பார்க்க வருவார். அந்த ஆட்டம் சங்கீதாவுக்கு வெறும் கோப்பைக்கான ஆட்டம் இல்லை. மாவட்டப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்க அன்று வந்திருந்தார்கள். அவள் பெயர் பட்டியலில் ஏறக்குறைய ஏறிவிட்டது, போட்டி நடத்துபவர்களின் நடத்தைக் குறிப்பு மட்டும் பாக்கி. அதாவது என் குறிப்பு.

காலை எட்டு மணிக்கு எண்ணினேன். இடது எட்டு, வலது எட்டு. கையெழுத்து, முத்திரை. அதில் பொய்யில்லை.

பத்து மணிக்கு ஷாமியானா பாஷா ஓடி வந்தார். எங்கள் எல்லா விழாவுக்கும் பந்தல் போடுகிறவர். மேடைக்குப் பின்னால் இருபதடி அகலத்துக்கு பேனர். மேலே கன்னடத்தில் பெரிதாக 'பாதுகாப்பே முதல்', கீழே ஆங்கிலத்தில், நடுவில் எட்வினின் சிரித்த முகம். மூங்கில் சட்டத்தில் கட்டியிருந்தது.

"சார், காத்து ஜாஸ்தி கீது. படம் நிக்காது. கீழ வெயிட்டு போடணும்."

விருந்தினராகக் கவுன்சிலர் வர வேண்டிய நேரம். முந்தின வருடம் பேனர் பறந்து ஒருவர் தலையில் விழுந்ததற்குப் பல் டாக்டர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மணலுக்கு எங்கே போவது? எதிரில் பார்த்தேன். மேடைக்குப் பக்கத்துக் கோலில் எட்டு மூட்டை சும்மா உட்கார்ந்திருந்தது. எனக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் தெரிந்தது.

"அதுல ஆறு எடுத்துக்குங்க. ஹாஃப் டைம்ல திரும்ப வெச்சிடலாம்" என்றேன்.

பாஷா ஒரு நொடி நின்றார். "பெரியவரு ஏதும் சொல்ல மாட்டாரா?"

"நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். இடைவேளையில் கவுன்சிலர் வந்தார். மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகையை வைத்து, ஏலக்காய் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்தோம். அருளப்பனுக்கும் ஒரு பேட்டா, ஒரு மாலை, அது பல் டாக்டரின் ஏற்பாடு. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. அணிகள் பக்கம் மாறின. சங்கீதா மேடைப் பக்கத்துக் கோலுக்கு வந்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு பாதி தொடங்குமுன் எகிறி மேல்சட்டத்தைப் பிடித்து ஒரு ஊஞ்சல் ஆடி இறங்குவாள். உலகத்தில் பாதி கோல்கீப்பர்கள் அதைச் செய்வார்கள். எங்கள் தலைவரும் செய்துகொண்டிருந்தார்.

கோல் முன்பக்கம் சாய்வது பெரிய சத்தத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஒரு பெரிய மனிதர் குனிவது போல மெதுவாகத்தான் குனிந்தது. சங்கீதா கையை விட்டு உருண்டாள். முழுதாக உருள முடியவில்லை. சட்டம் அவள் இடது தோளில் விழுந்தது. மைக்கில் நான் 'எப்போதும் பாதுகாப்பாக' என்பது வரை சொல்லியிருந்தேன்.

மேடையிலிருந்து முதலில் இறங்கியவர் அருளப்பன். முழங்கால் வலிக்காரர் எப்படி இறங்கினார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவரும் பாஷாவும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். லட்சுமி மகளை இழுத்தார். ஆட்டோவில் தாயும் மகளும் அருளப்பனும் போனார்கள். ஆஸ்பத்திரியில் பேட்டாவும் ஏலக்காய் மாலையுமாக இறங்கியவரைப் பார்த்து வாட்ச்மேன், கல்யாண மண்டபம் அடுத்த தெரு என்று வழி சொன்னாராம். தலையில் அது இருப்பதே அவருக்கு எக்ஸ்ரே எடுக்கும்வரை தெரியாது. காறை எலும்பு முறிவு, தோளில் ஆழமான காயம், உயிருக்கு ஒன்றுமில்லை என்று போன் வந்தது.

அன்று சாயங்காலமே பல் டாக்டர் கார் ஷெட்டுக்கு வந்தார். பதிவேட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும், இந்த முறை மைதானம் முழுக்கச் சாட்சி இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று சொன்னால் அவர் மேல் பழி போடுவதாகும். அவர் கருத்தைத்தான் கொடுத்தார். மொழி என்னுடையது. 'விதிமுறைகளை மீறி வீராங்கனை மேல்சட்டத்தில் தொங்கியதன் விளைவாக எதிர்பாராத விதமாகச் சிறு சம்பவம் நேரிட்டது. முன்னதாகக் கோல்போஸ்ட் முறைப்படி சரிபார்க்கப்பட்டுச் சான்றளிக்கப்பட்டிருந்தது.' சான்றின் நகலை இணைத்தேன். படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. முகாம்காரர்களுக்கும் அதே வாசகத்தை நடத்தைக் குறிப்பாக அனுப்ப, கவரில் போட்டு ஒட்டினேன். மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டியதுதான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு லட்சுமி வந்தார். வேலையிலிருந்து நேராக, பச்சைக் கோட்டோடு. அணியின் கோச்சுக்குச் சேதி எட்டியிருக்கிறது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எம்பொண்ணு தொங்குனதாலதான் விழுந்துச்சுன்னு எழுதிட்டீங்களாமே. கேம்ப்புக்கும் அதையே அனுப்பறீங்களாமே."

நடைமுறை என்று ஒன்று இருக்கிறதம்மா என்று ஆரம்பித்தேன். விதிமுறை என்றும் சொன்னேன். என் குரலில் இருந்த கனிவை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

"அது அஞ்சு வருசமா தொங்குது சார். உங்க கோல்லயேதான் போன வருசமும் தொங்குச்சு. அப்ப ஏன் வுழல?"

நான் வாசல் பக்கம் பார்வையைத் திருப்பினேன். வாசலில் அருளப்பன் நின்றிருந்தார். பேண்ட் முழங்கால்வரை செம்மண். என்னைக் கோபமாக இருக்கும்போது மட்டும் 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுவார்.

"மிஸ்டர் மூர்த்தி, எத்தனை மூட்டை?"

"காலையில எட்டு இருந்தது சார், சான்று..."

"விழும்போது?"

மேஜை மேல் கவர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். லட்சுமி இருவரையும் பார்த்தார். அருளப்பன் ஏற்கெனவே மைதானத்துக்குப் போய் எண்ணிவிட்டு வந்திருக்கிறார் என்பது அந்தச் செம்மண்ணில் தெரிந்தது. இருந்தாலும் அவர் சொல்லவில்லை. ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து அது ஆடவில்லை என்று காட்டிக்கொண்டிருந்த அதே ஆள்தான் நான்.

"ரெண்டு" என்றேன். "ஆறை நான் எடுக்கச் சொன்னேன். பேனர் பறக்கக் கூடாதுன்னு. எட்வின் படம் இருந்ததால..."

அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்தது என் அயோக்கியத்தனம். அதில் அவர் கொஞ்சம் இளகுவார் என்று எங்கோ ஓரத்தில் நினைத்திருக்கிறேன்.

அருளப்பன் மேஜை மேலிருந்த கவரை ஓரமாக நகர்த்தினார். பிறகு சாதாரணக் குரலில், "படம் பறந்தா பறந்துட்டுப் போகுது மூர்த்தி. அவன் ஏற்கெனவே போயிட்டான். இந்தப் பொண்ணு இருந்துச்சு" என்றார்.

'மிஸ்டர்' போயிருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் பதிவேட்டைப் பீரோவிலிருந்து எடுத்து என் முன் வைத்தார். என்ன எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. வெளியே போய்ப் பூந்தொட்டிப் பக்கம் நின்றுகொண்டார். நான் முந்தின நாள் எழுதியதைக் குறுக்கே அடித்தேன். கீழே எழுதினேன்: 'கோல் விழுந்தது மூட்டை இல்லாததால். மூட்டையை எடுக்கச் சொன்னவன் நான். திரும்ப வைக்க மறந்தவனும் நான். வீராங்கனை மேல் தவறில்லை.' பதினேழு வருடத்தில் நான் எழுதியதிலேயே சுருக்கமான கடிதம். லட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். "பேரு போடுங்க" என்றார். நிர்வாகச் செயலாளர் என்று போட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு ராமமூர்த்தி என்று எழுதினேன். ஒட்டிய கவரைக் கிழித்து, இதன் நகலைப் போட்டு, லட்சுமியின் கையிலேயே கொடுத்தேன். தபால்காரரை நம்பினாலும் என்னை நம்ப எனக்குத் தைரியமில்லை. அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் சங்கடம்.

சங்கீதாவுக்கு அந்த வருட முகாம் கட்டுப்போட்ட தோளோடு போயிற்று. பெயர் பட்டியலில் தங்கியது. அடுத்த வருடம் போனாள்.

எனக்கு வேலை போகவில்லை. பல் டாக்டர்தான் போனார், கருத்து வேறுபாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு. நான் அந்தச் சான்றுப் படிவங்களைக் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். அருளப்பனுக்குத் தொங்க முடியாததால் என்னைத் தொங்கச் சொன்னார். எண்பத்தாறு கிலோவில் நான் தொங்கியதைப் பார்க்க மாடிகளில் தனிக் கூட்டம் சேர்ந்தது. விருந்தினர்கள் வந்தாலும் தொங்கினேன். ஒரு கம்பெனி அதிகாரி, இது ஏதாவது பாரம்பரியமா என்று மரியாதையோடு கேட்டார். ஆமாம் என்றேன்.

விசித்திரம் என்னவென்றால், நான் எழுதியது பரவிய பிறகு மற்றவர்களும் எழுத வந்தார்கள். ஒரு கோச் வந்து, சாக்கடைப் பலகை உடைந்தது தன் அணிப் பையன்களால்தான் என்று எழுதச் சொன்னார். இன்னொருவர், விளக்குக் கம்பத்தில் ஷாக் அடிப்பதை இரண்டு வருடமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததாகச் சொன்னார். பாவமன்னிப்புக் கூண்டு போல ஆகிவிட்டது கார் ஷெட். ஒவ்வொன்றையும் போய்ச் சரி செய்தோம். வருடக் கடைசியில் பதிவேடு பாதி நிரம்பியிருந்தது. நன்கொடைக் கம்பெனியிலிருந்து உடனே ஒரு கவலை மின்னஞ்சல் வந்தது. இத்தனை வருடம் ஒரு சம்பவமும் இல்லாத அறக்கட்டளையில் திடீரென்று பாதுகாப்பு ஏன் இவ்வளவு மோசமாகிவிட்டது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். அவர்கள் ஹெல்மெட்டோடு வேறு இடம் போனார்கள்.

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா. அதே ஸ்ரீராம்புரம் மைதானம், அரையிறுதி ஆட்டத்தின் இடைவேளையில். அருளப்பனுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மேடைக்கு வரமாட்டேன் என்று கோலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு கை கம்பத்தில். நிவேதிதா என் முகத்தை இருபதடிக்குப் பெரிதாக்கி பேனர் அடித்திருந்தார். இத்தனை மூக்கு எனக்கு உண்டென்று எனக்கே தெரியாது. பேட்டா, ஏலக்காய் மாலை, சால்வை, பழக்கூடை. மறுபடியும் காற்று.

பாஷாவுக்கும் வயதாகிவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் பக்கம் போய் மூட்டைகளைக் காட்டி ஏதோ கேட்டார். அங்கே நின்றிருந்தது சங்கீதா. இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, எங்கள் போட்டிகளுக்கு மைதானப் பொறுப்பாளர். நிவேதிதாவின் ஆப்பில் நாலாவது கேள்விக்கு இருந்த பச்சை டிக்கைச் சண்டை போட்டு எடுக்க வைத்ததும் அவள்தான் என்று அன்று காலையில்தான் கேள்விப்பட்டேன். இனி 'ஆம்' என்று போடுகிறவர் மூட்டையை எண்ணி, எண்ணிக்கையையும் பேரையும் போட்டால்தான் அடுத்த கேள்வி திறக்குமாம். அவள் பாஷாவுக்குச் சொன்ன பதில் மைக் வரைக்கும் கேட்டது.

"மூர்த்தி சார் பறந்தா பறக்கட்டும் பாய். மூட்டை வராது."

பறந்தேன். முதலில் இடது காது கிளம்பியது, பிறகு முழு முகமும். சிறப்பு விருந்தினரின் பேட்டாவைத் தட்டிவிட்டு, மைதானத்து மதிலைத் தாண்டிச் சந்துக்குள் போய் மறைந்தேன். கூட்டம் கத்தியது. பதினேழு வருடத்தில் எத்தனையோ உரைகளுக்குக் கை தட்டாத அருளப்பன், கம்பத்திலிருந்து கையை எடுத்து இரண்டு தடவை தட்டினார். திரும்பவும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பழக்கூடையின் அழுகாத பாதியை லட்சுமி வீட்டில் கொடுக்கப் போனபோது அந்தச் சந்தில் என்னைப் பார்த்தேன். ஒரு இட்லிக் கடைக்காரர் பேனரைக் கடைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். நாலு மூலையிலும் செங்கல். செங்கல் எங்கிருந்து எடுத்தது என்று விசாரித்தேன். வீடு கட்டி மிஞ்சியது, எதையும் பிடித்துக்கொண்டிருந்ததில்லை என்றார். ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பிறகு இரு கையாலும் ஆட்டினேன்.

"ம்" என்று சொல்லிவிட்டு இரண்டு இட்லி சாப்பிட்டேன்.